ஆள்வோரைக் காக்க அழைக்கப்படும் கூட்டமும் நம் இளைஞரும்

(மூலக்குளத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கரும்பலகையும் இரண்டு பாய்களும் கொண்டு மாலை வகுப்பாகத் தொடங்கிய இச்சங்கம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. அந்தக் கரும்பலகை இரவல் வாங்கியது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். அன்று பாயில் அமர்ந்து படித்தவர்களில் சிலர் இன்று ஆசிரியர்களாக, செவிலியர்களாக, அரசு அலுவலர்களாக இவ்வவையில் அமர்ந்திருப்பதைக் காணும்போது என் நெஞ்சம் நிறைகிறது. சங்கத்தின் சாதனைகளைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் விரிவாகவே எடுத்துரைத்தார்கள். ஆகவே நான் வேறொரு பொருளைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். விழா மேடையில் பேசுவதற்கு அது இனிமையான பொருள் அன்று. ஆயினும் பேசாமல் விடுவது ஆசிரியனுக்கு அழகன்று.

ஆட்சியில் இருப்போருக்கு எதிர்ப்புக் கிளம்பும்போது அவர்களைக் காப்பதற்கென்று தெருவில் ஒரு கூட்டம் திரட்டப்படுகிறதே, அதைப் பற்றித்தான் பேசப் போகின்றேன். நான் அரசு ஊழியன். எந்தக் கட்சியையும் புகழவோ இகழவோ எனக்கு உரிமையில்லை. அந்த நோக்கமும் எனக்கு இல்லை. ஆட்சிகள் மாறின, கொடிகளின் நிறங்கள் மாறின. ஆனால் அந்தக் கூட்டத்திற்கு ஆள் சேர்க்க வரும் வண்டி மட்டும் நம் தெருவுக்கே வருகிறது. அது ஏன் என்பதே என் கேள்வி.

என்னிடம் பயின்ற ஒரு மாணவனைப் பற்றி முதலில் சொல்கின்றேன். பெயரைச் சொல்லாமல் தன் கதையைச் சொல்லலாம் என்று அவனே எனக்கு இசைவு தந்திருக்கிறான். கணக்கில் கெட்டிக்காரன். தந்தை கொத்தனாரிடம் சித்தாள் வேலை பார்த்தவர். பல ஆண்டுகளுக்கு முன், அன்றைய ஆட்சிக்கு எதிராக மாற்றுக் கட்சியினர் ஓர் ஊர்வலம் அறிவித்தார்கள். அதற்குப் பதிலடி கொடுப்பதாகச் சொல்லி, ஆளுங்கட்சியின் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் நம் தெருவுக்குச் சிற்றுந்து அனுப்பினார். ஆளுக்கு முந்நூறு ரூபாய், ஒரு பொட்டலம் பிரியாணி, கையில் ஒரு கொடி. அன்று மாலைக்குள் ஒரு பேருந்தின் கண்ணாடியும் இரண்டு கடைகளும் நொறுங்கின. கைப்பேசியில் எடுத்த படத்தில் முகம் தெரிந்தவர்கள் மீது வழக்குப் பதிவாயிற்று. பத்தொன்பது பேர். அவர்களில் பதினான்கு பேர் அடுத்தடுத்த இரண்டு தெருக்களைச் சேர்ந்தவர்கள். வண்டி அனுப்பியவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

அதற்குப் பின்னர் அவன் காவலர் பணிக்கு விண்ணப்பித்தான். ஓட்டத்தில் தேறினான்; எழுத்துத் தேர்விலும் தேறினான். காவல்துறையின் நன்னடத்தை விசாரணையில் வழக்கு நிலுவையில் இருப்பது தெரிந்து, பணி ஆணை நிறுத்தி வைக்கப்பட்டது. ஆறு ஆண்டுகள் வாய்தா வாய்தாவாக நீதிமன்றத்திற்கு நடந்தான். முடிவில் விடுதலையும் ஆனான். ஆனால் அதற்குள் வயது வரம்பு கடந்துவிட்டது. அவன் தாயார் அந்தத் தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்து, "ஐயா, இதைக் காட்டினால் வேலை கொடுப்பார்களா?" என்று கேட்டார்கள். முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் கேள்விகளுக்கு விடை சொல்லி வந்தவன் நான்; அந்தக் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. இன்று அவன் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழில் செய்கிறான். உழைத்து உண்கிறான், அதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் அவன் அணிந்திருக்க வேண்டிய சீருடையின் விலை முந்நூறு ரூபாயும் ஒரு பொட்டலமும் தானா என்று எண்ணும்போது என் மனம் பொறுக்கவில்லை.

இது நேற்றுத் தோன்றிய நோய் அன்று. நம் புதுவை மண்ணிலேயே இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அதை நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் முழுமையாகப் படிப்பதில்லை. ஆகையால் இங்கே சற்று விரிவாகச் சொல்கின்றேன்.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் ஊரில் 1870-களிலேயே வயது வந்த ஆண்கள் அனைவருக்கும், சாதி வேறுபாடின்றி, வாக்குரிமை கிடைத்துவிட்டது. எல்லைக்கு அப்பால் கடலூரிலும் விழுப்புரத்திலும் வாழ்ந்த நம் உறவினர்கள் வயது வந்தோர் வாக்குரிமையைப் பெற்றது இந்திய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த பிறகு, 1951-52 பொதுத் தேர்தலில்தான். அதாவது அவர்களுக்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் முன்னதாகவே ஒழுகரையிலும் வில்லியனூரிலும் நம் பாட்டன்மார் சட்டப்படி வாக்காளர்களாக இருந்தார்கள். ஆனால் அந்த வாக்கினால் அவர்கள் வாழ்வு உயர்ந்ததா? உயரவில்லை. காரணம் என்ன? வாக்குச்சாவடியை முதலில் கைப்பற்றும் தடியடிக் கூட்டம் எதுவோ, அதுவே தேர்தலின் முடிவை எழுதிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு அவன் பெயரில் யார் வாக்களித்தார்கள் என்பதுகூடத் தெரியாமற் போயிற்று. தேர்தல் நெருங்கினால் வளர்ந்த ஆண் பிள்ளைகளை எல்லைக்கு அப்பால் உள்ள உறவினர் வீட்டிற்கு அனுப்பி விடுவதுண்டு என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். பிள்ளை அடிபடுவான் என்ற அச்சம் பாதி. பிள்ளையை அடிப்பதற்குக் கூட்டிப் போவார்கள் என்ற அச்சம் பாதி.

1947-இல் இந்தியா விடுதலை பெற்றது. புதுவை பிரெஞ்சுக் கொடியின் கீழேயே இருந்தது. அவ்வாண்டு எதுவார் குபேர் அவர்கள் தலைமையில் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்டுக் கட்சி தோன்றிற்று. பிரெஞ்சு நிர்வாகத்தின் ஆதரவு அக்கட்சிக்கு இருந்தது. 1948 அக்டோபரில் நடந்த நகராட்சித் தேர்தல்களில் அக்கட்சி வென்று ஆட்சிப் பொறுப்புகளைக் கைக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று சொன்னவர்கள் தெருவில் தாக்கப்பட்டார்கள். 1950 சனவரியில் மக்கள் தலைவர் வ. சுப்பையா அவர்களின் வீடு தீக்கிரையாக்கப்பட்டது. 1951-இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்திற்கு நடந்த தேர்தலில் குபேர் அவர்களுக்கு 90,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவாயின. பதிவான வாக்குகளில் ஏறக்குறைய அனைத்தும் அவருக்கே. ஓர் ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி வாக்களித்தார்கள் என்றால் அங்கே எத்தகைய தேர்தல் நடந்திருக்கும் என்பதை உங்கள் சிந்தனைக்கே விடுகின்றேன். அதே ஆண்டில் நிலைமையைக் கண்டறிய வந்த நடுநிலைப் பார்வையாளர்களும், அச்சமின்றி வாக்களிக்கும் சூழல் இங்கு இல்லை என்ற கருத்தையே கொண்டார்கள்.

இனித்தான் நீங்கள் கூர்ந்து கேட்க வேண்டும். 1954 மார்ச்சு மாதத்தில் காட்சி மாறிற்று. பிரெஞ்சு நிர்வாகத்திற்கும் குபேர் அவர்களுக்கும் இடையே உறவு முறிந்தது. அதுவரை இணைப்பை எதிர்த்த அதே தலைவர்களும் நகராட்சிகளும் வாக்கெடுப்பே இன்றி இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் இயற்றினார்கள். அம்மாத இறுதியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறிற்று. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 உறுப்பினர்களில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் 8 பேர். நவம்பர் முதல் நாள் ஆட்சி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1963-இல் குபேர் அவர்களே புதுவையின் முதலமைச்சரானார். இன்று நம் கடற்கரைச் சாலையும் பெரிய மார்க்கெட்டும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

நான் அவரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. இணைப்பு நிறைவேறியதில் அவருடைய மாற்றத்திற்கும் பங்குண்டு. அதை வரலாறு மறுக்கவில்லை. தலைவர்களுக்குக் கருத்து மாறலாம். அரசியலில் அது இயல்பு. ஆனால் 1953-இல் அந்தக் கட்சிக்காக அண்டை வீட்டுக்காரன் மண்டையை உடைத்தவன் 1954-இல் என்ன ஆனான்? தலைவர் கொடியை மாற்றிக் கொண்டார். உடைந்த மண்டையை மாற்ற முடியுமா? அடித்தவனும் அடிபட்டவனும் அதே தெருவில், அதே கிணற்றில் நீர் இறைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாழ்ந்து முடிந்தார்கள். வரலாற்று நூல்களில் தலைவர்களுக்குப் பெயர் உண்டு. தடியேந்தியவர்களுக்குக் "குண்டர்கள்" என்ற ஒரு சொல்தான் உண்டு.

அப்படியானால் மக்கள் கூட்டமாகத் திரள்வதே தவறா என்று இளைஞர்கள் கேட்கலாம். தவறில்லை. அதே புதுவையில் 1936 சூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் கோரிக்கைகளுக்காகப் போராடியபோது பிரெஞ்சுப் படையினர் சுட்டதில் 12 தொழிலாளர்கள் உயிர் நீத்தார்கள். அந்தத் தியாகத்தின் பயனாக 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட தொழிலாளர் உரிமைகள் சட்டமாயின. அண்ணல் அம்பேத்கர் அவர்களும் 1920-களில் சமத்துவத் தொண்டர் படையை, சமதா சைனிக் தளம் என்ற பெயரில், நம் மக்களின் பாதுகாப்பிற்காகவே அமைத்தார். தன் கூலிக்காக, தன் தண்ணீருக்காக, தன் மானத்திற்காகத் திரளும் கூட்டம் ஒன்று. பிறர் நாற்காலிக்காக அழைத்துச் செல்லப்படும் கூட்டம் இன்னொன்று. முன்னது கலைந்து போகும்போது ஒரு சட்டத்தையோ ஒரு சாலையையோ விட்டுச் செல்கிறது. பின்னது கலையும்போது ஒரு வழக்கைத்தான் விட்டுச் செல்கிறது.

இது புதுவைக்கு மட்டும் உரிய கதையன்று. அண்டை நாடான இலங்கையில் பொருளாதாரம் சீர்குலைந்து, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற 2022-ஆம் ஆண்டை நீங்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். காலிமுகத் திடலில் இளைஞர்கள் அமைதியாக அறப்போர் நடத்தி வந்தார்கள். மே 9 அன்று ஆளுங்கட்சி ஆதரவாளர்கள் பேருந்துகளில் கொழும்புக்கு அழைத்து வரப்பட்டு, பிரதமர் இல்லமான அலரி மாளிகையில் கூட்டப்பட்டார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்தவர்களில் ஒரு பகுதியினர் போராட்டக் கூடாரங்களைத் தாக்கி எரித்தார்கள். 200-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அன்றைய நாளே பிரதமர் மகிந்த இராசபக்ச பதவி விலகினார். யாரைக் காப்பதற்காகக் கூட்டம் வந்ததோ அவரே பதவியில் இல்லை! தலைவர் பாதுகாப்புடன் வெளியேறினார். ஊர் திரும்பிக் கொண்டிருந்த ஆதரவாளர்களைச் சினங்கொண்ட மக்கள் வழிமறித்து அடித்தார்கள். அவர்கள் வந்த பேருந்துகள் எரிந்தன. சிலர் பேரை ஏரியில் தள்ளப்பட்டார்கள். அவர்கள் செய்ததும் தவறு. அவர்களுக்குச் செய்யப்பட்டதும் தவறு. ஆனால் அந்த ஏரித் தண்ணீரில் நின்று கைகூப்பியவன் ஏழை என்பதை நாம் மறக்கலாகாது.

நம் நாட்டிலேயே இன்னும் கொடிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சத்தீசுகர் மாநிலத்தில் 2005-ஆம் ஆண்டில் "சல்வா சூடும்" என்ற பெயரில் ஓர் இயக்கம் கிளம்பிற்று. மாவோயிஸ்டுகளை எதிர்ப்பதற்கென்று அரசின் ஆதரவோடு பழங்குடி மக்களையே பழங்குடி மக்களுக்கு எதிராக நிறுத்தினார்கள். அதை முன்னின்று நடத்தியவர் எதிர்க்கட்சித் தலைவர். துணை நின்றது ஆளுங்கட்சி அரசு. ஏழையின் கையில் ஆயுதம் கொடுப்பதில் கட்சி வேறுபாடு இல்லை என்பதை இது காட்டுகிறது. பழங்குடி இளைஞர்கள் சிறப்புக் காவல் அலுவலர்கள் என்ற பெயரில் துப்பாக்கியுடன் அமர்த்தப்பட்டார்கள். அவர்கள் தொகை 6,500 அளவுக்கு உயர்ந்தது. மாத மதிப்பூதியம் 3,000 ரூபாய். கல்வித் தகுதி என்ன தெரியுமா? ஐந்தாம் வகுப்புத் தேறியவர்க்கு முன்னுரிமை. 2011 சூலை 5 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் சுதர்சன் ரெட்டி, நிஜ்ஜார் ஆகியோர், இந்த நியமனம் அரசியலமைப்பின் 14, 21 ஆகிய பிரிவுகளுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார்கள். குறைந்த படிப்பும் குறைந்த ஊதியமும் உடைய இளைஞர்களைப் போர்முனையில் நிறுத்துவது அவர்களுடைய உயிரை மலிவாகக் கருதுவதாகும் என்பதே அத்தீர்ப்பின் உட்கருத்து. ஐந்தாம் வகுப்போடு நின்ற பிள்ளைக்கு ஆள் பிடிக்க வருபவர்கள் உண்டு என்பதை இதிலிருந்து நாம் அறிந்து கொள்ள வேண்டும். நம் மாலை வகுப்புக்கு இதைவிட வேறு என்ன நியாயம் வேண்டும்?

இனி, சட்டம் பற்றிச் சில சொற்கள். "நான் கல் எறியவில்லை ஐயா, சும்மா நின்றேன்" என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. சட்டவிரோதமான கூட்டம் ஒன்று தன் பொது நோக்கத்தை நிறைவேற்றக் குற்றம் செய்யுமானால், அந்நேரத்தில் அக்கூட்டத்தின் உறுப்பினராக இருந்த ஒவ்வொருவரும் அக்குற்றத்திற்குப் பொறுப்பாவார் என்பது சட்டம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 149-ஆம் பிரிவாக இருந்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய பாரதிய நியாய சன்கிதாவில் 190-ஆம் பிரிவாக உள்ளது. பேருந்தை உடைத்தால் 1984-ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டமும் சேர்ந்து வரும். வழக்கு உள்ளவர் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது படிவத்தில் கேட்டால் அதை மறைக்கலாகாது. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியுள்ளது. இளம் வயதில் முழக்கம் எழுப்பியது போன்ற சிறு வழக்குகளைப் பணியமர்த்துவோர் பொறுத்துக் கொள்ளலாம் என்று அத்தீர்ப்பு இடங்கொடுத்திருக்கிறது. ஆகையால் வழக்கில் சிக்கியவர்கள் மனம் உடைந்துவிட வேண்டியதில்லை. உண்மையை எழுதுங்கள், வழக்கை விரைந்து முடிக்க முயலுங்கள், அறிந்தவர்களிடம் ஆலோசனை கேளுங்கள்.

இளைஞர்களை மட்டும் குறை சொல்லி அமர்ந்துவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். அவர்கள் ஏன் போகிறார்கள்? வேலையில்லாத நாளில் முந்நூறு ரூபாய் என்பது ஒரு வீட்டின் அடுப்பு. மருத்துவமனையில் படுக்கை வேண்டும், சாதிச் சான்றிதழ் வேண்டும், முதியோர் உதவித்தொகை வேண்டும் என்றால், அலுவலகத்தில் நமக்காகப் பேச ஒரு கட்சிக்காரர்தான் கிடைக்கிறார். அந்த உதவிக்குக் கைம்மாறாகத்தான் பிள்ளை வண்டியில் ஏறுகிறான். உரிமையாகக் கிடைக்க வேண்டியது சலுகையாகக் கிடைக்கும் வரையில், அதற்கு விலையாக நம் பிள்ளைகளைக் கேட்டுக் கொண்டுதான் இருப்பார்கள். படித்து வேலைக்குச் சென்ற நாம் அந்தப் பிள்ளைக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தோமா? அவன் தாயுடன் அலுவலகம் வரை நடந்தோமா? இக்கேள்வியை என்னையும் சேர்த்தே கேட்கின்றேன்.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் ஆற்றிய உரையை ஒவ்வோர் இளைஞனும் படிக்க வேண்டும். சமயத்தில் பக்தி ஆன்மாவுக்கு வழியாகலாம். அரசியலில் தனிமனித வழிபாடு வீழ்ச்சிக்கும் கொடுங்கோன்மைக்குமே வழியாகும் என்ற கருத்தை அங்கே அவர் எச்சரிக்கையாக வைத்தார். தலைவனுக்கு நன்றி செலுத்தலாம். ஆனால் மானத்தையும் உரிமையையும் அவன் காலடியில் வைத்துவிடலாகாது என்பதும் அவ்வுரையின் சாரம். கட்சியில் சேருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கூட்டத்தில் கேள்வி கேட்கும் உறுப்பினராகச் சேருங்கள், வேட்பாளராகுங்கள், வாக்குச்சாவடி முகவராக அமர்ந்து பட்டியலைச் சரிபாருங்கள். நம் பாட்டன்மார் பெயரில் பிறர் வாக்களித்த காலம் திரும்பாமல் காப்பது அந்தப் பணிதான்.

நம் சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். ஒன்று: வாரத்தில் ஒரு மாலை, சான்றிதழ்களுக்கும் உதவித்தொகைகளுக்கும் மனு எழுதிக் கொடுக்கும் மேசை ஒன்றை இங்கே அமைக்க வேண்டும். நான் வந்து அமர்கின்றேன். இரண்டு: வழக்கில் சிக்கிய நம் பிள்ளைகளை இலவசச் சட்ட உதவி ஆணையத்திடம் அழைத்துச் செல்ல இருவரைப் பொறுப்பாக்க வேண்டும். மூன்று: பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் பெயர்களைத் தெருத்தெருவாகக் குறித்து, அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டிற்கும் நாம் போக வேண்டும். வண்டி வருவதற்கு முன் நாம் போக வேண்டும்.

நான் முதலில் சொன்ன அந்த மாணவன் சென்ற மாதம் தன் மகளை என் பள்ளியில் சேர்க்க வந்தான். கையில் வண்ணக்கறை இருந்தது. படிவத்தில் கையெழுத்திடும்போது, "ஐயா, இவளை நான் எந்த வண்டியிலும் ஏற விடமாட்டேன், பள்ளிக்கூட வண்டியைத் தவிர" என்றான். அந்தச் சொல்லை உங்களிடம் சேர்ப்பிக்கவே இந்த மேடைக்கு வந்தேன்.